கூடையில் வந்த கமிஷன் மெம்பர்

புத்தளம்
11 பெப்ரவரி 1946, திங்கள்

மஹ்மூதா ராத்தாவுக்கு,

ஸலாம். ஒன்றரை வருடமாக ஒரு வரி எழுதாதவன் இப்போது எழுதினால் காரணம் இருக்கும் என்று உங்களுக்கே விளங்கும். மச்சான் மௌத்தான பிறகு தம்பி வீட்டுக்கு வராமல் உச்சமுனைத் தீவுப் பள்ளிக்கூடத்தைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். இனி எனக்கு ராத்தா இல்லை என்று துறையில் வைத்து நான் சொன்னதைத் திரும்ப எடுக்கவில்லை. இது வேறு விஷயம்.

யுத்தம் முடிந்ததிலிருந்து அரசாங்கம் எதற்கெடுத்தாலும் கமிஷன் வைக்கிறது. இப்போது நம் களப்பு மீன்பிடிப்புக்கும் ஒன்று வந்திருக்கிறது. வலை கட்டும் இடங்களை, நீங்கள் அங்கே பாடு என்கிறீர்களே அவற்றை, இதுவரை போல ஊர்க் குலுக்கலில் பிரிப்பதா, வருடா வருடம் ஏலத்தில் விடுவதா என்று அது தீர்மானிக்கும். அதன் செயலாளருக்குக் கிளாக்கராக என்னைத் தந்திருக்கிறார்கள்.

மெம்பர்கள் ஐந்து பேர். மூவர் உத்தியோகத்தர். இருவர் உத்தியோகம் இல்லாத உள்ளூர் ஆட்கள். அதில் ஒருவர் உப்பளக்கார முத்தலிபு முதலாளி. ஏலம் வந்தால் பாடுகளை எடுக்கப்போவதும் அவர்தான். மற்ற இடம் மீன்பிடிப்பவர்களுக்கு. உச்சமுனைச் சனங்கள் தாங்களே ஒரு பெயரைத் தெரிந்து, வீட்டுக்கு ஒரு கையொப்பத்துடன் 28ஆம் திகதி நாலு மணிக்குள் அனுப்ப வேண்டும். வராவிட்டால் முதலாளியின் மருமகனைப் போடுவார்கள். இந்த அறிவித்தலை உங்கள் ஊர்த்தலைவர் விதானையிடம் அனுப்பி மூன்று கிழமை. அவர் முதலாளியின் ஆள், மறைத்திருப்பார் என்று தெரியும்தானே.

நூஹு நானாவின் பெயரை அனுப்புங்கள். இங்கிலீஷில் கையொப்பம் வைப்பார், கோட்டும் இருக்கிறது. இதை வாசித்ததும் எரித்துவிடுங்கள். எனக்கு மூன்று பிள்ளைகள்.

மஸாஹிர்


உச்சமுனை
16 பெப்ரவரி 1946

தம்பி மஸாஹிருக்கு,

ஸலாம். எரிக்கச் சொன்னாய், எரித்தேன். அதற்கு முதல் கரையில் நின்று ஐம்பத்துமூன்று வீட்டுக்கும் கேட்கும்படி வாசித்துவிட்டேன். பயப்படாதே. உன் பெயரையும், துறையில் நடந்த சண்டையையும் விட்டுவிட்டேன்.

மஸாஹிர், நீ இங்கே இருந்திருக்க வேண்டும்! பெருநாள் மாதிரி இருந்தது கரை. வலை பொத்தினவன் ஊசியோடு வந்து நின்றான். விதானை வீட்டுக் கதவு பகலிலேயே சாத்திக்கொண்டது. அல்பேட், என் கடிதங்களைக் கொண்டுவரும் வள்ளக்காரன், முதல் கேள்வி கேட்டான்: "டீச்சர், மெம்பருக்குச் சப்பாத்து அரசாங்கமா குடுக்கும்?"

மீன் பிரித்துக்கொண்டிருந்த றஹ்மத் உம்மா நிமிரவே இல்லை. "ஒன்ட கால் அளவுக்கு மாடு இன்னும் பொறக்கல்ல, அல்பேட்" என்றாள். ஐம்பது வயதிருக்கும். புருஷன் கடலோடு போய் ஒன்பது வருடம். கருவாடு போட்டுச் சீவிப்பவள். அவளுடைய நாக்குக்கு விதானையே வழி விலகுவார்.

நான் விடியற்காலையிலேயே நல்ல தாளில், நல்ல எழுத்தில், நூஹு நானாவின் பெயரைப் போட்டு விண்ணப்பத்தை எழுதி மடித்து வைத்திருந்தேன். எடுக்க நேரம் வரவில்லை. "நூஹு போனா மேக்குக் கரைக்குத்தான் கதைப்பாரு" என்று அத்தாஉல்லா சத்தம் போட்டான். கிழக்குக் கரை அவனோடு. கிறிஸ்தவ வேதக்காரர் பக்கத்தில் யாரும் இல்லையா என்று அல்பேட்டின் அண்ணன். பொழுது உச்சிக்கு வந்தும் முடியவில்லை. கடைசியில் அல்பேட்தான் சொன்னான்: "ஏன் அடிபடுறீங்க? பாடு எடுக்கிற மாதிரி எடுப்பம்."

எல்லோரும் அடங்கிவிட்டார்கள். கிழக்கும் மேற்கும் பள்ளிவாசலும் மாதா கோயிலும் ஒன்றாக ஓம் என்று சம்மதித்ததை இந்தத் தீவில் முதல்முறையாகக் கேட்டேன். செவ்வாய்க்கிழமை குலுக்கல்.

கமிஷனுக்கு ஆளைக் கூடைக்குள் கை விட்டு எடுப்பதா என்று எனக்கு நெஞ்சு இடிக்கிறது. ஆனால் பயத்திலா சந்தோஷத்திலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ராத்தா


புத்தளம்
18 பெப்ரவரி 1946

ராத்தா,

குலுக்கலா? யா அல்லாஹ்! கமிஷன் என்ன இறால் பாடா? கூடையில் வாய் பேசாதவன் வந்தால்? விதானை வந்தால்? உடனே நிறுத்துங்கள். நூஹு நானா. நூஹு நானா. நூஹு நானா. அல்பேட்டை நிற்கவைத்து எழுதித் தருகிறேன்.

மஸாஹிர்


உச்சமுனை
20 பெப்ரவரி 1946

தம்பி,

உன் கடிதம் வந்தது நேற்றுப் பின்னேரம். குலுக்கல் முடிந்தது நேற்றுக் காலை.

எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நீ விளங்கமாட்டாய். இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் வலையின் மிதப்புக் கட்டை ஒன்று உண்டு. அந்த வீட்டின் கீறல் குறி அதில் இருக்கும். ஐம்பத்துமூன்று கட்டையும் ஒரு கூடையில். பாடு இல்லாத ஆள்தான் கண்ணை மூடி எடுக்க வேண்டும். தீவில் பாடு இல்லாத ஆள் நான்தான். எடுத்தது எடுத்ததுதான். திரும்பக் கூடைக்குள் போட்டால் அந்த வருடம் களப்பு ஒருவருக்கும் மீன் தராது என்பது இவர்களுடைய நம்பிக்கை.

கையை விட்டேன். எடுத்தேன். நூஹு நானா வாங்கிப் பார்த்தார். அவருடைய முகம் போன போக்கில் விதானையின் கட்டைதான் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

றஹ்மத் உம்மாவுடையது.

ஆம்பிளை மௌத்தானாலும் வீட்டுக் கட்டை கூடையை விட்டுப் போகாது. அது இவர்களுடைய பழைய வழக்கம். அந்த வழக்கத்தால்தான் ஒன்பது வருடமாக அவளுக்கும் ஒரு பாடு கிடைக்கிறது, ஆள் வைத்து வலை கட்டி வாழ்கிறாள். அதைக் கமிஷனுக்கும் பொருத்திப் பார்ப்போம் என்று ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"அப்ப அவட மருமகன் போகட்டும்" என்றான் அத்தாஉல்லா. "வலைக்கு ஆள் வெக்கிறதானே, இதுக்கும் வெக்கட்டும்."

றஹ்மத் உம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "வலை இழுக்கத்தான் ஆள் வெச்ச. என்ட வாய்க்கு ஆள் வெச்சத நீ எப்பயாச்சும் கண்டியா?"

கரை முழுக்கச் சிரித்தது. அத்தாஉல்லாவும் சிரித்துவிட்டான். ஐம்பத்துமூன்று கையொப்பமும் பெருவிரல் அடையாளமும் இதோடு இருக்கிறது. விதானை கூட வைத்தார். வைக்காவிட்டால் மீன் வராது என்று அவருடைய பெண்சாதி சொன்னாளாம்.

கொண்டுபோய்க் கொடு.

ராத்தா


புத்தளம்
23 பெப்ரவரி 1946

ராத்தா,

விண்ணப்பம் என் மேசை லாச்சியில் இருக்கிறது. கொடுக்கவில்லை.

கோபப்படாமல் வாசியுங்கள். எழுத வாசிக்கத் தெரியாத, கருவாடு விற்கிற ஒரு விதவையின் பெயரை நான் செயலாளர் துரைக்கு முன்னால் வைத்தால் என்ன நடக்கும்? சிரிப்பார்கள். உங்களைப் பார்த்து, நம் சனத்தைப் பார்த்து, மீன்பிடிக்கிறவன் ஒருவனுக்கும் மூளை இல்லை என்பார்கள். முதலாளியின் மருமகனைப் போட அதுவே காரணமாகிவிடும். ஐந்து நாள் இருக்கிறது. வேறு பெயரோடு புதுத் தாள் அனுப்புங்கள். நான் ஒன்றையும் காணவில்லை என்று இருக்கிறேன்.

இன்னொன்று. கேட்க விருப்பமில்லாமல் கேட்கிறேன். எடுத்தது உங்கள் கை. ஐம்பத்துமூன்றில் ஒரே ஒரு பெண்ணின் கட்டை. அது தானாகவா வந்தது? சின்ன வயதிலிருந்தே பெண்களுக்கு இது ஏன் இல்லை, அது ஏன் இல்லை என்று வாப்பாவோடு வாதாடியவர் நீங்கள்.

மஸாஹிர்


உச்சமுனை
25 பெப்ரவரி 1946

மஸாஹிர்,

லாச்சியிலா வைத்தாய்? ஐம்பத்துமூன்று வீட்டை?

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். முதல் இரண்டிலும் உன்னை ஏசியிருந்தேன். இதில் உண்மையைச் சொல்கிறேன். உன்னிடம் மட்டும்.

நீ நினைத்தது சரி, நான் களவு செய்தேன். ஆனால் நீ நினைத்த களவு அல்ல. நூஹு நானாவின் கட்டையில் மூன்று கீறல் உண்டு. எனக்கு அது தெரியும். கூடைக்குள் கை விட்டதும் விரலால் தடவித் தேடினேன். கோட்டுப் போட்ட, கையொப்பம் தெரிந்த ஒருவர் போக வேண்டும் என்று உன்னைப் போலத்தான் நானும் நினைத்தேன். மூன்று கீறல் தட்டுப்பட்டது. எடுத்தேன். நூஹு நானா வாங்கிய பிறகு பார்த்தால் நாலாவது கீறல் ஒன்று தேய்ந்துபோய்க் கிடந்தது, றஹ்மத் உம்மாவின் குறி. பதினெட்டு வருடம் கணக்குப் படிப்பித்தவள் நாலை மூன்றென்று எண்ணிவிட்டேன்.

அதைவிட வெட்கமான ஒன்று. அவளுடைய பெயரைச் சொன்னதும் "திரும்ப எடுப்போம்" என்று முதலில் சொன்னது அத்தாஉல்லா இல்லை. நான்.

பயிற்சிக் கல்லூரியில் படித்தேன், புத்தகங்கள் வாசித்தேன், வாப்பாவோடு வாதாடினேன். கடைசியில் ஒரு பெண்ணின் பெயர் வந்தபோது முதலில் கூசினது என் கைதான். இந்த ஆறு நாளாக அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எனவே புதுத் தாள் கிடையாது. நான் ஒருமுறை குறுக்கே போனேன், போதும். இப்போது நீ குறுக்கே நிற்கிறாய். 28ஆம் திகதி நாலு மணிக்குப் பிறகு அந்தத் தாள் உன் லாச்சியில் இருந்தால், துறையில் நீ சொன்னதை நானும் சொல்வேன்.

மஹ்மூதா


புத்தளம்
28 பெப்ரவரி 1946, பின்னேரம் ஐந்து மணி

ராத்தா!

கொடுத்தேன். மூன்று நாற்பதுக்கு.

செயலாளர் துரை வாசித்தார், என்னைப் பார்த்தார், திரும்ப வாசித்தார். பிறகு சிரித்தாரே ஒரு சிரிப்பு, பியோன் ஓடிவந்து எட்டிப் பார்த்தான். நேரே முத்தலிபு முதலாளிக்கு ஆள் அனுப்பினார். ஆட்சேபணை சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. அவர் சொன்னால் முடிந்தது கதை. நான் வாய்க்குள்ளேயே ஓதிக்கொண்டிருந்தேன்.

முதலாளி வந்தார். விளக்கியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மீன்காரக் கிழவியா? போடுங்க தொர, போடுங்க! அவவுக்கு ஒரு சுளகும் குடுங்க, பேப்பர் எல்லாத்தையும் புடைச்சுத் தருவா." நூஹு நானாவின் பெயர் வந்திருந்தால் ஆட்சேபிக்கத் தாளோடு வந்திருந்தார், ராத்தா. அந்தத் தாள் சட்டைப் பையிலேயே இருந்தது. என் கண்ணால் கண்டேன்.

கொழும்பிலிருந்து வந்திருக்கும் தலைவர் துரை சிரிக்கவில்லை. பெண் ஆகாது என்று கட்டளையில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். செயலாளர் புரட்டிப் பார்த்தார். இல்லை. "சரி" என்று ஒப்பம் வைத்தார்.

றஹ்மத் உம்மா கமிஷன் மெம்பர்! முதல் அமர்வு மார்ச் 14. எனக்குப் பசிக்கிறது, இரண்டு நாளாகச் சாப்பிட்டதாக ஞாபகம் இல்லை.

மஸாஹிர்


உச்சமுனை
9 மார்ச் 1946

என் தம்பிக்கு,

உன் கடிதத்தை அல்பேட் துறையில் இறங்க முன்னமே தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு வந்தான். கூப்பன் அரிசியில் கஞ்சி காய்ச்சி முழுத் தீவும் குடித்தது. கோயில் மணியை யாரோ அடித்தார்கள், ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

களவை றஹ்மத் உம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க வாய் வரவில்லை. கேட்டுவிட்டு அவள் மீனைத்தான் திருப்பிப் போட்டாள். "தேடினது ஒங்கட கை, டீச்சர். வந்தது என்ட கட்டை. படிச்ச ஆக்களுக்கு எல்லாம் தாங்கதான் செய்யிறெண்டு ஒரு நெனப்பு." அவ்வளவுதான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஒரு கிழமையாக அவளுக்கு ஒப்பம் வைக்கப் பழக்கப் பார்த்தேன். மாட்டேன் என்கிறாள். பெருவிரல் போதுமாம். ஒரே ஒரு கேள்விதான் திரும்பத் திரும்பக் கேட்கிறாள்: தாள் எல்லாம் இங்கிலீஷில் இருக்குமே, அதைத் தமிழில் சொல்லப்போவது யார்?

என் தம்பி என்று சொன்னேன். "விடாமச் சொல்லுவாரா?" என்றாள். ஓம் என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன், உன் சார்பில் நான் எப்படி ஓம் சொல்ல முடியும் என்று.

ராத்தா


புத்தளம்
14 மார்ச் 1946, வியாழன்

ராத்தா,

நடந்ததை ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன். எழுத்து கோணினால் மன்னியுங்கள்.

மேசைக்கு நாலு கதிரை. றஹ்மத் உம்மாவுக்கு ஒரு மூலையில் திரை கட்டி, உட்கார வாங்கு போட்டிருந்தார்கள். அவ வந்து திரையை ஒதுக்கி, வாங்கை இழுத்துக்கொண்டு மேசைக்கு வந்து முக்காட்டைச் சரிசெய்து உட்கார்ந்தா.

முதல் வேலை, தாள்கள் கிடைத்தன, வாசித்தோம் என்று எல்லா மெம்பரும் ஒப்பம் வைப்பது. மூன்று உத்தியோகத்தரும் வைத்தார்கள். முதலாளி பேனையைச் சுழற்றி வைத்தார். செயலாளர் மைப்பெட்டியை றஹ்மத் உம்மாவுக்கு முன்னால் தள்ளினார்.

"வாசிச்சதெண்டுதானே வெக்கிற?" என்றா. "வாசிங்க. கேட்டுட்டு வெக்கிறன்."

முப்பத்தொரு பக்கம். முதலாளி பெருமூச்சு விட்டார். தலைவர் துரை என்னைப் பார்த்துத் தலையாட்டினார். தொடங்கினேன். தண்ணீர் ஆழம், வலை வகை, பழைய கட்டளைகள். முதலாளி தூங்கிவிட்டார். அவ கண்ணை மூடவில்லை.

இப்போது உங்களிடம் மறைத்ததைச் சொல்கிறேன். இருபத்தெட்டாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஜனவரியிலேயே செயலாளர் சொல்லச் சொல்ல நான்தான் டைப் அடித்தேன். முடிவை முன்கூட்டியே எழுதி, கட்டின் அடியில் வைத்து, எல்லோருடைய ஒப்பத்தையும் வாங்கிவிடுவதுதான் திட்டம். அதனால்தான் முதல் கடிதம் எழுதினேன். எழுதியும் அதைச் சொல்லத் துணியவில்லை. யாராவது ஒருவர் அந்த இடத்தில் இருந்தால் தானாகச் சரிவரும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

இருபத்தேழு முடிந்தது. இங்கிலீஷ் தெரிந்தவர்கள் ஒருவரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அடுத்த தாளைத் தாண்டிவிட்டால் யாருக்குத் தெரியும்? செயலாளர் கண்ணாலேயே தாண்டச் சொன்னார். றஹ்மத் உம்மா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தா.

வாசித்தேன், ராத்தா. "சாட்சிகள் அனைவரையும் விசாரித்த பின், வலைப்பாடுகளை ஏலத்தில் விடுவதே நன்று என்று கமிஷன் ஒருமனதாகக் காண்கிறது."

"நில்லுங்க" என்றா. "எந்தச் சாட்சி? இன்னும் ஒருத்தரயும் கூப்பிடல்லயே."

செயலாளர் தாளை இழுக்கக் கை நீட்டினார்.

"ஒருமனதா எண்டும் போட்டிருக்கு. என்ட மனத நான் இன்னும் வெளிய எடுக்கவே இல்லயே."

முதலாளி விழித்துக்கொண்டார். தலைவர் துரை என்ன சொல்கிறா என்று கேட்டார். அதையும் அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். அவர் தாளை வாங்கி முதல்முறையாக வாசித்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன. அந்தப் பக்கத்தைக் குறுக்கே கோடு போட்டு வெட்டினார். சாட்சிகளை விசாரித்து முடியும் வரைக்கும் குலுக்கல் முறைதான் என்று எழுதி, தன் ஒப்பத்தை வைத்தார். அதற்குக் கீழே றஹ்மத் உம்மா பெருவிரலை வைத்தா. அழுத்தி.

இந்த வருடப் பாடு உங்களுடையது. சொல்லுங்கள் எல்லோரிடமும்.

எனக்கு வந்தது வேறு. அங்கீகரிக்கப்படாத தாளை வெளியில் வாசித்ததற்கு எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும் என்று செயலாளர் கடிதம் தந்திருக்கிறார். திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குள். விளக்கம் போதாது என்றால் வேலை போகும். தலைவர் துரை அன்று கந்தோரில் இருப்பார், பிறகு கொழும்புக்குப் போய்விடுவார். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஆனால் ராத்தா, நம்பமாட்டீர்கள், நான் விசில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மஸாஹிர்


உச்சமுனை
16 மார்ச் 1946

மஸாஹிர்,

அல்பேட் வள்ளத்தைக் கரையேற்றாமல் நிற்கிறான், ஒரு தாள்தான் எழுத நேரம்.

உன் கடிதத்தை வாசித்தேன். இந்தமுறை ஒரு பத்தியும் விடவில்லை, உன் பெயரையும் விடவில்லை. பெண்கள் அழுதார்கள். நூஹு நானா கோட்டைக் கொண்டுவந்து வெயிலில் போட்டிருக்கிறார். உன்னைப் பற்றி றஹ்மத் உம்மாவிடம் கேட்டேன். "தாள் பிடிச்ச கை நடுங்கின. சொல்லு நடுங்கல்ல" என்றாள்.

துறையில் நீ சொன்னதை நீ திரும்ப எடுக்க வேண்டாம். நான் இனி அதை நினைக்கப்போவதில்லை.

விளக்கத்தை எழுதாதே. எழுதினாலும் நாங்கள் வரும்வரை கொடுக்காதே. ஞாயிறு பின்னேரம் புறப்படுகிறோம். காற்று இப்படியே நின்றால் திங்கள் பத்து மணிக்குத் துறையில் இறங்குவோம். பதினேழு வள்ளம். கிழக்கு, மேற்கு, வேதக்காரர், விதானையின் பெண்சாதி, நான். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருக்கிறேன்.

சாட்சிகள் அனைவரையும் விசாரித்ததாக எழுதியிருந்தார்கள் அல்லவா? உன் தலைவர் துரை கொழும்புக்குப் போகு முன் எங்களைப் பார்த்துவிட்டுப் போகட்டும். சாட்சிகள் வருகிறோம்.

ராத்தா